எலிகள் பிழைத்த வருடம்

கிடைக்குளம்,
புதூர் வழி.
3.5.2006

அன்புத் தங்கச்சி பானுவுக்கு அண்ணன் நந்தகோபால் எழுதுவது.

நேற்று முன்தினம் மே தின கிராம சபைக் கூட்டத்தில், குளிர்சாதனப் பெட்டியை நூலகக் கட்டடத்தின் கன்னி மூலையில் வைப்பது என்று ஏகமனதாக முடிவாகிவிட்டது. விவாதம் மூன்று மணி நேரம் நடந்தது. ஈசானிய மூலைக்கு ஆதரவாக நான்கு பேரும் வாயு மூலைக்கு ஆதரவாக இரண்டு பேரும் பேசினார்கள். கட்டடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் உண்டு, அது அக்கினி மூலையில் இருக்கிறது என்று பம்ப் ஆபரேட்டர் காமராஜ் சொன்னான். அக்கினி மூலையில் குளிர்ச்சியை வைப்பது முறையல்ல என்று அவனுக்கு விளக்கப்பட்டது. நீளமான ஒயர் வாங்க இரண்டாவது தீர்மானம் போட்டோம். ஒரே நாளில் இரண்டு தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறியது இந்த ஊராட்சி வரலாற்றில் இதுவே முதல் தடவை.

பெட்டி எதற்கென்று கேட்பாய். உன் மருந்துக்குத்தான். சித்திரைப் பிறப்பன்று வந்த உன் கடிதத்தைச் சபையில் நானே வாசித்தேன். 'பன்னிரண்டு எலிகளுக்குக் கொசு பரப்பும் வைரஸைக் கொடுத்தேன். என் மருந்து போடாத ஆறும் செத்தன, போட்ட ஆறும் பிழைத்தன' என்று நீ எழுதியிருந்த இடத்தை, கூட்டம் கேட்டுக்கொண்டதால் இரண்டு தடவை வாசித்தேன். 'ஒருநாள் இது நம் கிடைக்குளத்துக்கும் வரும்' என்ற இடத்தில் கைதட்டல். முத்துத்தாய்ச் சித்தி மட்டும், "எலிய எதுக்கய்யா பிழைக்க வைக்கணும்? நம்ம கம்புல பாதிய அதுதானே திங்குது" என்று கேட்டாள். அது குறிப்பேட்டில் பதிவாகவில்லை.

மருந்தைக் கடுங்குளிரில்தான் வைக்க வேண்டும் என்று நீதான் எழுதியிருந்தாய். வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் டிரம்களுக்கும் மூடி வாங்கிக் கொடுக்கச் சொல்லிப் பஞ்சாயத்து யூனியனிலிருந்து ஓர் ஒதுக்கீடு வந்து கிடந்தது. காய்ச்சலுக்கே மருந்து வரப்போகும்போது தொட்டிக்கு மூடி எதற்கு என்று சபை கருதியதால், அதைப் பெட்டிக்கு மாற்றிவிட்டோம்.

இன்னொன்று. உன் மதினி சந்தனமாரிக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு. புரட்டாசிக் கடைசி என்று டாக்டரம்மா கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று அவள் பக்கத்தில் நின்று சொல்கிறாள்.

பதிலைப் போனில் சொல்லாதே, எழுது. போனில் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தோடு வைத்துத் தைக்க முடியாது.

உன் அண்ணன்,
பெ. நந்தகோபால்,
ஊராட்சி மன்றத் தலைவர்.


பாஸ்டன்,
19.5.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

மூலைகளையெல்லாம் தாண்டி மதினி செய்திக்கு வந்து சேர்ந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி, வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். சந்தோஷம் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. மதினியை வெயிலில் அலையவிடாதீர்கள்.

இனி மற்றது. அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூடி வாங்குங்கள். நான் என்ன செய்கிறேன் என்பதை உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதாமல் பெருமையை மட்டும் எழுதியது என் தப்பு. இப்போது எழுதுகிறேன்.

உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லையும் ஓர் ஊராட்சி அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிடத்து உத்தரவு ஒரு தாளில் வரும். கிளார்க் அதில் உள்ளதைச் செய்வார். அந்தத் தாளுக்குத்தான் ஆர்.என்.ஏ. என்று பெயர். நான் பார்க்கிற வைரஸ் ஒரு கள்ள உத்தரவு. 'என்னைப் போல ஆயிரம் நகல் எடு' என்று அதில் இருக்கும். கிளார்க் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். அதே அலுவலகத்தில் ஒரு பியூனும் இருக்கிறார். கள்ள உத்தரவின் ஒரே ஒரு வரியை அவர் கையில் மாதிரிக்குக் கொடுத்துவிட்டால், அந்த வரி எந்தத் தாளில் இருந்தாலும் கிழித்துப் போட்டுவிடுவார். நான் செய்து கொடுப்பது அந்த ஒரு வரித் துண்டைத்தான். அதுவும் ஆர்.என்.ஏ.தான். அது பியூன் கைக்குப் போய்விட்டால் கள்ள உத்தரவு ஊமையாகிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், துண்டைப் பியூன் கையில் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை. ரத்தத்தில் விட்டால் சில நிமிடங்களில் சிதைந்துபோகிறது. சிதையாமல் போய்ச் சேர்ந்தாலும் செல் கதவைத் திறப்பதில்லை. அதனால் எலிகளுக்கு மண்டையோட்டில் துளை போட்டு, மூளைக்குள்ளேயே ஊசியை இறக்கினேன். அதுவும் வைரஸ் உள்ளே போன அரைமணி நேரத்துக்குள். கொசு கடித்த அரைமணியில் மண்டையில் துளை போட்டுக்கொள்ளக் கிடைக்குளத்தில் யாரும் வரிசையில் நிற்கப்போவதில்லை.

மேலும் என் வைரஸ் மூளைக்காய்ச்சலுடையது. வயல் தண்ணீரில் வளரும் கொசு பரப்புவது. நம் ஊரில் வயலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் இப்போது பரவிக்கொண்டிருக்கிற சிக்குன்குனியாதான் நம் பக்கம் வரும். அதன் கொசு வீட்டுத் தொட்டியில், சுத்தமான தண்ணீரில் வளர்கிறது. அதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களிடம் மூடி இருந்தது.

அன்புடன்,
பானு


கிடைக்குளம்,
14.6.2006

அன்புத் தங்கச்சிக்கு,

உன் விளக்கம் கிடைத்தது. எழுத்து நன்றாக இருந்தது. ஆனால் மன்றக் கூட்டத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நம் ஊராட்சி எழுத்தர் சுடலைராஜ் எழுந்து, கள்ள உத்தரவுக்கு நகல் எடுக்கும் கிளார்க் என்று தன்னைத்தான் குறிப்பிட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு இரண்டு நாள் விடுப்பில் போய்விட்டார். அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்ததால், மண்டையோட்டுத் துளை பற்றிய பகுதியை வாசிக்க நேரமில்லை.

சுகாதார ஆய்வாளர் குருசாமி வந்தார். விளாத்திகுளத்தில் காய்ச்சல் கண்டிருக்கிறது, மூட்டு மூட்டாகப் பிடித்து மனிதர்கள் கூனிக்கொண்டு நடக்கிறார்கள் என்றார். வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துக் காயப்போட வேண்டும் என்று தெருவில் நின்று சொன்னார்.

"ஐயா, குழாயில தண்ணி வாரதே பதினோரு நாளைக்கு ஒருதரம்" என்றாள் முத்துத்தாய்ச் சித்தி. "ஏழாம் நாளு கொட்டிட்டு, மிச்ச நாலு நாளும் உங்க வீட்டுக்கு வந்து குடிக்கவா?"

"சட்டம் அப்படித்தாம்மா அச்சடிச்சிருக்கு."

"எங்கன அச்சடிச்சாவ?"

"சென்னையில."

"அப்ப அங்கன உள்ளவியளக் கொட்டச் சொல்லுங்க."

குருசாமி ஒரு நோட்டீசை நூலகக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். நோட்டீசில் கொசுப் படம் பெரிதாக இருந்தது. மூடியைப் பற்றி நீ திரும்பத் திரும்ப எழுதுவது எனக்கு வருத்தம். பெட்டி வந்து இறங்கிவிட்டது. அதற்கு மாலை போட்டவன் நான்.

முக்கியச் செய்தி: அடுத்த தேர்தலுக்கு நம் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கப்போகிறார்களாம். தங்கப்பாண்டியன் தன் சம்சாரத்தை நிறுத்தப்போகிறான். நான் சந்தனமாரியை நிறுத்துகிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் அண்ணன்,
நந்தகோபால்


பாஸ்டன்,
2.7.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். வீட்டில் வைத்து நீங்களும் மதினியும் மட்டும் படியுங்கள்.

இந்துமகா சமுத்திரத்தில் ரீயூனியன் என்று ஒரு தீவு இருக்கிறது. இந்த வருடத் தொடக்கத்தில் அங்கே ஜனங்களில் மூன்றில் ஒருவருக்குச் சிக்குன்குனியா வந்துவிட்டது. அங்கிருந்து வருகிற அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். குழந்தை வயிற்றில் வளரும் மாதங்களில் தாய்க்கு வந்தால் பெரும்பாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆவதில்லை. பிரசவத்தை ஒட்டிய நாட்களில் வந்தால் அப்படி இல்லை. பிறக்கும் நேரத்தில் குழந்தைக்குத் தொற்றுகிறது. நாலைந்து நாள் கழித்துக் குழந்தை பால் குடிக்க மறுக்கிறது, பிறகு ஜன்னி. சில குழந்தைகளுக்கு மூளையைத் தொட்டுவிடுகிறது. தடுப்பூசி இல்லை. மருந்து இல்லை. என்னுடையதும் இல்லை.

மதினிக்குப் புரட்டாசிக் கடைசி. கொசுவுக்கும் அதுதான் காலம்.

வளைகாப்பு முடிந்த கையோடு மதினியைக் கடம்பூருக்கு அவர்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எல்லாப் பெண்களும் போவதுதானே. அந்த வீட்டில் போர்வெல் இருக்கிறது, தண்ணீர் பிடித்து வைக்கிற வழக்கமே இல்லை. அதுவரை நம் வீட்டுத் தொட்டியின் மேல் ஒரு பழைய வேட்டியை விரித்து, விளிம்பைச் சுற்றிக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். பகலில் படுத்தாலும் கொசுவலைக்குள் படுக்கட்டும். இந்தக் கொசு பகலில் கடிக்கும்.

நான் கேட்பது ஒரு வேட்டி, ஒரு கயிறு, ஒரு பஸ் டிக்கெட்.

பானு


கிடைக்குளம்,
10.8.2006

அன்புத் தங்கச்சிக்கு,

ஆடி என்றாலும் வளைகாப்பு சிறப்பாக நடந்தது. எலுமிச்சை, புளி, தேங்காய், தக்காளி, கல்கண்டு என்று ஐந்து வகைச் சோறு. கடம்பூர்க்காரர்கள் இருபது பெட்டி போளி கொண்டுவந்தார்கள். கூட்டிப்போக வேனும் கொண்டுவந்தார்கள். வேன் காலியாகப் போனது.

நீ கோபப்படும் முன் முழுவதையும் படி. உன் கடிதம் வந்த அன்றே உன் மதினி எனக்கு முன்னால் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, என் கல்யாண வேட்டியை எடுத்துத் தொட்டியின் மேல் கட்டிவிட்டாள். கயிறு போதாமல் ஆட்டுக்கயிற்றையும் சேர்த்துக் கட்டினாள். மறுநாள் காலையில் தங்கப்பாண்டியன் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "என்ன அண்ணாச்சி, ஊருக்கு ஊசி, உம்ம தொட்டிக்கு மட்டும் வேட்டியா?" என்றான். சாயங்காலத்துக்குள் இது புதூர் டீக்கடை வரைக்கும் போய்விட்டது. சுவரிலும் எழுதிவிட்டார்கள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருப்பதால் சுடலைராஜ் மேல் எனக்குச் சந்தேகம்.

யோசித்துப் பார். மூடி வேண்டாம் என்று சபையில் சொன்னவன் நான். உன் மருந்து வருகிறது என்று சொன்னவனும் நான். என் வீட்டில் மட்டும் தொட்டியை மூடினால், என் தங்கச்சி மேல் எனக்கே நம்பிக்கையில்லை என்றாகிறது. உன் பெயருக்கும்தான் இழுக்கு.

கடம்பூருக்கு அனுப்பலாம். ஆனால் வேட்பாளர் ஊரில் இல்லாமல் எப்படி ஓட்டுக் கேட்பது? தங்கப்பாண்டியன் சம்சாரம் வீடு வீடாகப் போய்க் கும்பிட ஆரம்பித்துவிட்டாள். பேசத் தெரியாது, ஆனால் நன்றாகக் கும்பிடுகிறாள். பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்னால் கூட்டிப்போய் விடுவதாக உன் மதினிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது உன் விலங்கியல் புத்தகத்தை ஆட்டுக் கிடைக்கு எடுத்துக்கொண்டு போய் நானும் படித்தேன். கொசுவைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

பெட்டி நன்றாக ஓடுகிறது. சும்மா ஓடக்கூடாது என்று செல்லத்துரை தன் கடைக் கலர் பாட்டில்களை அதில் வைத்திருக்கிறார்.

உன் அண்ணன்,
நந்தகோபால்


பாஸ்டன்,
27.8.2006

அண்ணனுக்கு,

என் மேல் உள்ள நம்பிக்கையைக் காப்பாற்ற நீங்கள் இவ்வளவு பாடுபடுவதால், என் மருந்தின் இன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். சபையில் வாசிக்கலாம். இரண்டு தடவை வாசிக்கலாம்.

எலிகளுக்கு மருந்தை ஆறு மணி நேரம் தாமதித்துக் கொடுத்துப் பார்த்தேன். ஆறில் ஒன்று பிழைத்தது. ஒரு நாள் தாமதித்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை. மண்டையைத் துளைக்காமல் வால் ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை. முதல் சோதனையை அப்படியே திரும்பச் செய்தேன். ஆறில் நான்கு. வைரஸ் தன் எழுத்தில் ஒன்றை மாற்றிக்கொண்டால் என் துண்டு அதற்குப் பொருந்தாமல் போகிறது. எங்கள் பேராசிரியர் இதையெல்லாம் 'நம்பிக்கையளிக்கும் முடிவுகள்' என்று எழுதச் சொல்கிறார். எழுதினால்தான் அடுத்த வருடம் எலி வாங்க முடியும். தீர்மானப் புத்தகம் இங்கேயும் உண்டு.

ஏப்ரலில் உங்களுக்கு வந்த என் கடிதம் அந்த மாதிரியான ஒன்றுதான். ஊரை விட்டு வந்து ஏழு வருடமாகிறது, சொல்லிக்கொள்ள ஒன்றாவது இருக்கட்டும் என்று எழுதினேன். எனக்கு நீங்கள் கைதட்டினால் போதும் என்றிருந்தது. மூடிக்கு வந்த பணத்தில் பெட்டி வாங்குவீர்கள் என்று நினைக்கவில்லை.

வேட்டியை அவிழ்க்காதீர்கள். தேர்தலில் தோற்றால் ஐந்து வருடத்தில் இன்னொன்று வரும்.

மதினி, இதை நீங்கள் முதலில் பிரிப்பீர்கள் என்று தெரியும். அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். துணிமணியை எடுத்துக்கொண்டு கடம்பூருக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.

பானு


கிடைக்குளம்,
20.9.2006

தங்கச்சிக்கு,

இந்தத் தடவை தபால்காரரைப் புதூரிலேயே பார்த்துக் கடிதத்தை நான் கையில் வாங்கிக்கொண்டேன். குடும்பத்துக்குள் குழப்பம் உண்டாக்கும் பகுதி கடைசியில் இருந்ததால் உன் மதினிக்குக் காட்டவில்லை.

வேட்புமனு தாக்கலாகிவிட்டது. சின்னம் பூட்டு சாவி கேட்டிருக்கிறோம். ஊரில் எட்டு வீட்டில் காய்ச்சல் இருக்கிறது. யாரும் சாகவில்லை. மூட்டு வலிதான். காய்ச்சல்காரர்கள் ஓட்டுப் போட நடந்து வர முடியாது என்பதால் மாட்டு வண்டி ஏற்பாடு செய்திருக்கிறேன்.

தொட்டி வேட்டியை நேற்று அவிழ்த்துவிட்டேன். தெருவில் பத்துப் பேர் நிற்கும்போது, எல்லோரும் பார்க்கத்தான் அவிழ்த்தேன். அதற்குப் பிறகு தங்கப்பாண்டியனுக்குப் பேச ஒன்றும் இல்லை.

நந்தகோபால்


பாஸ்டன்,
4.10.2006

அண்ணனுக்கு,

செல்லத்துரை கடைப் போனுக்கு நான்கு நாளாகக் கூப்பிடுகிறேன். ஓட்டுக் கேட்கப் போயிருக்கிறார்கள், வந்ததும் சொல்கிறேன் என்கிறார். மதினியைக் கூப்பிடச் சொன்னேன். அவர்களும்தான் போயிருக்கிறார்கள் என்கிறார்.

மதினிக்குக் காய்ச்சல் கண்டால் பிரசவத்தை ஊரில் வைக்க வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், தாய்க்குச் சிக்குன்குனியா என்று முதலிலேயே சொல்லுங்கள். குழந்தையை ஒரு வாரமாவது அங்கேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தவிர செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பானு


பாஸ்டன்,
15.11.2006

அண்ணனுக்கு,

குழந்தை பிறந்துவிட்டது, ஆண் குழந்தை, மதினி ஜெயித்துவிட்டார்கள் என்று செல்லத்துரை சொன்னார். அதற்கு மேல் கேட்டால் லைன் சரியில்லை என்கிறார். எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது. இரண்டு வரி எழுதுங்கள்.

பானு


பாஸ்டன்,
11.2.2007

அண்ணனுக்கு,

பதில் வராமல் நான் போடும் மூன்றாவது கடிதம் இது. எலிகளைப் பற்றிய எங்கள் கட்டுரையைப் பத்திரிகையில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். என் பெயர் முதலில் வருகிறது. எல்லோரும் கைகொடுத்தார்கள். குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். நல்லதாக இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

பானு


கிடைக்குளம்,
17.6.2007

பானுவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

அக்டோபர் ஆறாம் தேதி கீழத்தெருவில் ஓட்டுக் கேட்டுவிட்டு வரும்போது உன் மதினிக்குக் காய்ச்சல் கண்டது. அவளால் முட்டியை மடக்க முடியவில்லை. இன்னும் பத்து வீடுதானே என்று தோளைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனேன். மறுநாள் வலி கண்டுவிட்டது. கடம்பூர் போக நேரமில்லை. புதூரில் வைத்து எட்டாம் தேதி விடியற்காலையில் பிறந்தான். மூன்று கிலோ. நன்றாக அழுதான். பத்தாம் தேதி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். ஊரே வந்து பார்த்தது.

பன்னிரண்டாம் தேதி பால் குடிக்கவில்லை. சாயங்காலம் கை கால் வெட்டியது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். இருபத்து மூன்று நாள் இருந்தோம். ஓட்டுப்பதிவு அன்று நான் அங்கே வராந்தாவில் இருந்தேன். சந்தனமாரி அறுபத்தோரு ஓட்டில் ஜெயித்ததைக் காமராஜ் வந்து சொன்னான். உன் அக்டோபர் மாதக் கடிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது.

ஆகஸ்டு மாதக் கடிதத்தை என் சட்டைப் பெட்டியில் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் துணி எடுக்கும்போது அவள் கையில் அகப்பட்டது. கடைசிப் பகுதியைப் படித்தாள். "இத எப்ப வாங்குனீக?" என்று மட்டும் கேட்டாள். தேதியைச் சொன்னேன்.

அவள்தான் இப்போது தலைவர். கையெழுத்து அவளே போடுகிறாள். பெண் தலைவர்களின் கணவர்கள் கூட்டத்தில் உட்காரக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாகச் சுடலைராஜிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நான் உட்காருவதில்லை. அவள் போட்ட முதல் தீர்மானம் எல்லா வீட்டுத் தொட்டிக்கும் மூடி. விவாதம் நடக்கவில்லை.

இனிமேல் கடிதம் எழுதினால் அவள் பெயருக்கு எழுது. அப்படித்தான் சொல்லச் சொன்னாள். மருந்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றும் சொன்னாள்.

குழந்தைக்குக் கோகுலகிருஷ்ணன் என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்த எட்டாம் தேதியோடு எட்டு மாதம் முடிந்தது. இன்னும் தலை நிற்கவில்லை.

நந்தகோபால்